படித்துவிட்டுத் தருகிறேன்

காலை ஐந்து நாற்பது. பத்திரிகை அலுவலகத்தில் இரவு வேலை முடித்து மருத்துவமனை வார்டுக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது அக்காவின் இடது கட்டைவிரல். அதில் ஊதா மை இருந்தது. முகத்தைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். இருபது நிமிடங்களுக்கு முன்பே உயிர் பிரிந்திருந்தது.

ஓராண்டு நிறைவில் இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களாகிய நீங்கள் அக்காவின் பொறுமையைப் பற்றி நிறையப் பேசுவீர்கள். நான் அந்த மையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அக்கா சைதாப்பேட்டையில் பிறந்தார். எங்கள் அப்பா கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. ஊரார் பத்திரங்களை முத்து முத்தாக எழுதியவர், சிநேகிதர் நீட்டிய தாளைப் படித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று கையெழுத்துப் போட்டு, குடியிருந்த வீட்டை இழந்தார். அப்போது அக்காவுக்கு வயது பதின்மூன்று. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது.

மயிலாப்பூரில் வாழ்க்கைப்பட்ட பிறகு, அறுபதுகளின் கடைசியில், ஒரு வார இதழ் அக்காவுக்குத் துணையானது. அதில் வந்த தொடர்கதையின் நாயகன் நல்லமுத்து, கிராமத்து சர்வேயர். அவனிடம் வாளும் இல்லை, குதிரையும் இல்லை. பண்ணையாரே ஒரு தாளை நீட்டினாலும், "படித்துவிட்டுத் தருகிறேன்" என்பான். அவன் வீரம் அவ்வளவுதான். அக்கா அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, நூல் கோத்துத் தைத்து வைத்தார்.

"பக்கத்த ரொப்பறதுக்கு எவனோ எழுதறான்க்கா" என்று கேலி செய்தேன். பிழை திருத்துபவன் என்ற கர்வம் எனக்கு.

"எழுதறவன் எவனா இருந்தா இன்னாடா? நம்ம வூட்ல யாருனா ஒருத்தர் அப்டிச் சொல்லி நீ கேட்டுக்கிறியா? அன்னிக்கு அப்பா சொல்லிருந்தா?"



அத்தான் மறைந்த பதினாறாம் நாள், காரியம் முடிந்து இலை எடுக்கும் முன்பே, அத்தானின் தம்பி முத்திரைத்தாளோடு வந்தார்.

"வீட்டு வரி விஷயம் அண்ணி. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு போட்ருங்க."

"வெச்சுட்டுப் போங்க. படிச்சுட்டுத் தரேன்."

"இன்னா அண்ணி, சர்வேயர் நல்லமுத்து மாரி பேசறீங்க! அடுத்து சங்கிலி புடிச்சு வூட்ட அளப்பீங்களா?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அக்கா இரண்டு நாள் படித்தார். வரியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வீட்டில் தன் பங்கையும் மகள் கமலாவின் பங்கையும் விட்டுக்கொடுப்பதாக இருந்தது. கையெழுத்தில்லாமல் தாள் திரும்பிப் போனது. அன்று முதல் அக்காவுக்கு 'கதைப் பைத்தியம்' என்று பெயர். இல்லாத ஒருவனை நம்பியதற்காகச் சிரித்தீர்கள். இருக்கிற ஒருவர் நீட்டிய தாளில் என்ன இருந்தது என்று உங்களில் எவரும் கேட்கவில்லை. ஒரு பெண் படிக்க நேரம் கேட்டதுதான் உங்களுக்கு அவமரியாதையாகப் பட்டது.

ஏழு ஆண்டுகள் அக்கா அந்த வீட்டிலேயே இருந்து கமலாவைப் படிக்க வைத்தார். பிறகு சிறுநீரகம் கெட்டது. மருத்துவமனைப் படிவத்தையும் முழுதாகப் படித்து, இரண்டு சந்தேகம் கேட்டு, அதன் பிறகே கையெழுத்திட்டார். கடைசி இரண்டு நாள் நினைவு இல்லை.

மையைப் பற்றி வார்டு ஆயாவிடம் கேட்டேன்.

"நேத்து சாயங்காலம் கொழுந்தனாருன்னு ஒர்த்தர் மை டப்பாவோட வந்தாரு சார். இன்னா எழுதிக் கீதுன்னு படிச்சாவது காட்டுய்யான்னேன். மயக்கத்துல கீறவங்களுக்கு இன்னாத்தப் படிச்சுக் காட்றதுன்னு சிரிக்கிறாரு."

அக்காவின் இறுதி நாட்களில் உதவிய மருத்துவர்களுக்கும், கமலாவுக்குச் சோறு போட்ட அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. படித்துக் காட்டச் சொன்ன ஒரே ஆளான அந்த ஆயாவுக்குத் தனி நன்றி.

கமலாவை வீட்டைக் காலி செய்யச் சொல்லி அத்தானின் தம்பி காட்டிய பத்திரத்தை நான் படித்தேன். ரேகைக்கு மேலே இருக்கும் வரி இது: "எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு வாசித்துக் காட்டப்பட்டு, சம்மதித்து வைத்த ரேகை."

அன்று காலை அக்காவின் தலையணைக்கு அடியில் மூக்குக்கண்ணாடியும், மூன்றாம் பக்கத்தில் மடித்து வைத்த, அவர் கையால் தைத்த நல்லமுத்து கதையும் இருந்தன.