தனம் உட்கார்ந்தால் முசேவுக்கு லீவு

அன்று காலை தனலட்சுமியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது, சண்டைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். சற்று முன்புதான் தன் நாய்க்குட்டி ஓடும் வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தாள். ‘பின்னங்கால் உள்ளே வாங்குகிறது. இப்படியே நாய் ஷோவுக்கு வந்தால் நடுவர் சிரிப்பார்’ என்று நான் பதில் போட்டிருந்தேன். ஏச்சு வாங்கத் தயாராகச் சிரித்துக்கொண்டேதான் போனை எடுத்தேன். பேசியது அவள் கணவர் ஆறுமுகம்.

“அண்ணா, தனம் போய்ட்டாண்ணா.”

“காலங்காத்தால எங்க போய்ட்டா?” என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் யாரோ ஒப்பாரி வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஆனால் வேறு எப்படிக் கேட்டிருப்பேன்? யூரியா மூட்டையை ஒற்றை ஆளாக இழுத்துப் போடுகிறவள். ஒரு தலைவலி என்றுகூட அவள் சொல்லி நான் கேட்டதில்லை. ஐம்பதைத் தாண்டிய நான், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை முழுங்கிக்கொண்டு குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். நாற்பதைத் தாண்டிச் சில வருடங்களே ஆன அவள் போய்விட்டாள். இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

கரிக்கலாம்பாக்கம் கூட்டுரோட்டில் உரக்கடை வைத்திருந்த தனத்தை உங்களில் பலருக்குத் தெரியும். நான் மூலக்குளத்தில் லாப்ரடார் வளர்ப்பவன். வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் நாய் வளர்க்காத தெரு கிடையாது. ஆனால் நாயைக் குளிப்பாட்டி, சீவி, வேனில் ஏற்றி, கண்காட்சி வளையத்தில் நிறுத்தி, நடுவர் முன்னால் கூடவே ஓடுகிற பைத்தியங்கள் என்று ஊர் கைகாட்டியது எங்கள் இரண்டு பேரைத்தான். அவளுக்குச் சிப்பிப்பாறை நாய் என்றால் உயிர். என் நாய்களைக் கண்டால் இளக்காரம். “உங்க நாய் திருடன் வந்தாகூட செருப்பை எடுத்துக் குடுத்து வாலாட்டும்ணா” என்பாள். உன் நாய் நடுவரையே திருடன் என்று நினைக்கிறதே, அதற்கு இது தேவலை என்பேன்.

அது வெறும் கேலி இல்லை. அவளுடைய உண்மையான தோல்வியே அதுதான். கண்காட்சியில் நடுவர் நாயின் வாயைத் திறந்து பல்வரிசை பார்ப்பார், முதுகை நீவுவார், ஆண் நாயென்றால் விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்றும் தொட்டுப் பார்ப்பார். சிப்பிப்பாறையோ அந்நியக் கை மேலே படவிடாத சாதி. அவள் இதற்கு முன் கொண்டுவந்த இரண்டு நாய்களும் நடுவர் கை நீட்டியதும் சீறின. அந்த இடத்திலேயே வெளியே அனுப்பப்பட்டன. மூன்றாவதாக வந்தவன்தான் இந்தக் குட்டி. பெயர் முசே. பிரெஞ்சுக்காரன் காலத்தில் துரைமார்களை இங்கே அப்படித்தான் கூப்பிட்டார்கள். “இவன் நிப்பாண்ணா. எந்தக் கொம்பன் வந்து தொட்டாலும் நிப்பான். நிக்கல, நான் நாயே வளக்கல” என்று என்னிடம் சபதம் போட்டாள்.

அதற்கு அவள் செய்த ஏற்பாட்டை நினைத்தால் இந்த நேரத்திலும் சிரிப்பு வருகிறது. கடைக்கு உரம் வாங்க வருகிற யாராக இருந்தாலும் முதலில் முசேவின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் என்ன வேண்டும் என்றே கேட்பாள். முதுகைத் தடவிக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஒருமுறை நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது சோரியாங்குப்பத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி வந்தார். பல்லைப் பார்த்தார். முதுகைத் தடவினார். அடுத்து எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தனம் சொன்னதும் மனிதர் வெலவெலத்துப் போய்விட்டார்.

“இன்னாம்மா இது, பொட்டாஷ் வாங்க வந்தவனை இதெல்லாம் பாக்கச் சொல்ற?”

“பாருங்க மாமா, சும்மா பாருங்க. ஜட்ஜே பாக்கறாரு, உங்களுக்கு இன்னா?”

அவர் பொட்டாஷே வேண்டாம் என்று ஓடினார். மறுவாரம் தானாகவே வந்து பல்லைப் பார்த்தார். இப்படியாக, பாகூர் வட்டாரத்து விவசாயிகளில் பாதிப் பேருக்கு அந்த நாயின் பல்வரிசை மனப்பாடம்.

தொடுவதற்குப் பழக்கியாயிற்று. சத்தத்துக்கு என்ன செய்வது? ஷோவில் ஒலிபெருக்கி அலறும், நூறு நாய் ஒரே நேரத்தில் குரைக்கும். இதற்கும் அவளிடம் ஒரு வழி இருந்தது. அவள் கடையைத் தாண்டித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். தூரத்தில் சாவு மேளம் கேட்டதும் முசேவைக் கடை வாசலில் நிறுத்துவாள். நான்கு கால்களையும் சரியாக ஊன்றி, கழுத்தை நிமிர்த்தி, கண்காட்சியில் நிற்பது போலவே அது நிற்க வேண்டும். மேளம் அடித்துக்கொண்டு, வெடி போட்டுக்கொண்டு ஊர்வலம் கடந்து போகும் வரைக்கும் அசையக்கூடாது. ஆறுமுகம் வீட்டார் இது அபசகுனம் என்று கத்தினார்கள். நானும் சொன்னேன்.

“இன்னா அபசகுனம்? செத்தவங்களுக்கு மரியாதையா ஒரு ஜீவன் ஆடாம அசையாம நிக்குது. மனுசங்க போனைப் பாத்துனு நிக்கறாங்க” என்றாள்.

அவள் சொன்னதுதான் பலித்தது. கொஞ்ச நாளில் துக்க வீட்டுக்காரர்களே வந்து “எங்கப்பாவுக்கு உங்க நாய் நின்னு மரியாதை பண்ணுச்சுமா” என்று கண்கலங்கிச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஊர்வலம் போனதும் தனம் அப்படியே தரையில் உட்காருவாள். அதுதான் முசேவுக்கு விடுதலை. வாயால் சொன்னால் மற்றவர்களும் சொல்லிக் கெடுத்துவிடுவார்கள் என்று அவள் வைத்த ஏற்பாடு அது. அவள் நிற்கும் வரை அதற்கு வேலை. “நான் உக்காந்தா அதுக்கு லீவுண்ணா” என்பாள். உட்கார்ந்த அடுத்த நொடி அவள் மடியில் பாய்ந்து, முகத்தை நக்கி, துப்பட்டாவை இழுத்து ரகளை பண்ணும்.

இனி எழுதப் போவதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அன்று காலை வீட்டு வாசலில் முசேவை ஓடவிட்டு எனக்கு வீடியோ அனுப்பியிருக்கிறாள். பிறகு மறுபடி ஓடவிட்டிருக்கிறாள். என் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் ஓடவிட்டாளோ என்னவோ, தெரியாது. திடீரென்று அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முசே மடியில் பாய்ந்து முகத்தை நக்கியது. ஆறுமுகம் திண்ணையோரம் பல் துலக்கிக்கொண்டு அதைப் பார்த்தார். பயிற்சி முடிந்தது, விளையாடுகிறார்கள் என்று நினைத்து உள்ளே போய்ப் பால் காய்ச்சினார். டீயோடு வெளியே வந்தபோது தனம் சுவரில் சாய்ந்திருந்தாள். நாய் இன்னமும் விளையாடிக்கொண்டிருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆறுமுகம் அழவில்லை. முசேவைக் கை காட்டி, “இதைக் கொண்டு போய்டுண்ணா. யாருக்காவது குடுத்துடு. என் கண்ணுல படக்கூடாது” என்றார். “நாய்க்கு முன்னாடியே தெரியும்னு சொல்லுவாங்களே. இதுக்கு ஒண்ணும் தெரியல. ஒரு கொரை கொரைச்சிருந்தா நான் ஓடியாந்திருப்பேன். விளையாடுச்சுண்ணா. அவ சாவறா, இது விளையாடுச்சு.”

யாரோ முசேவைக் கொண்டுபோய்க் கடை வாசல் தூணில் கட்டினார்கள்.

சாயங்காலம் பாடை கிளம்பியது. மேளம் முழங்க ஊர்வலம் கூட்டுரோட்டுக்குத் திரும்பியபோது நான் கடை வாசலைப் பார்த்தேன். மூடிய கடையின் முன்னால் முசே எழுந்து நின்றது. நான்கு கால்களையும் ஊன்றியது. கழுத்தை நிமிர்த்தியது. காலடியில் வெடி வெடித்தது, அசையவில்லை. தனம் அதைத் தாண்டிப் போனாள். கூட வந்த விவசாயிகள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

ஊர்வலம் கடந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். முசே இன்னமும் நின்றுகொண்டிருந்தது. வாசலில் இருந்த பெண்கள் கூப்பிட்டார்கள், பிஸ்கட் போட்டார்கள். அது பார்க்கக்கூட இல்லை. அதற்கு லீவு விட வேண்டியவள் போய்க்கொண்டிருந்தாள். நான் திரும்பி வந்து, அதன் எதிரே ரோட்டுப் புழுதியில், வேட்டியோடு உட்கார்ந்தேன். அது என்னைப் பார்த்தது. ரோட்டைப் பார்த்தது. ரொம்ப நேரம் கழித்து வந்து என் மடியில் தலையை வைத்தது. விளையாடவில்லை. நான் அன்றைக்குச் சுடுகாட்டுக்குப் போகவில்லை.

ஏன் வரவில்லை என்று ஆறுமுகம் பிறகு கேட்டார். நடந்ததைச் சொன்னேன். “உக்காந்தா லீவுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்தது தனம். அவ சொன்னதை அது நம்புச்சு. நீயும்தான் நம்பின. இதுல யாரைக் குத்தம் சொல்லுவ?” என்றேன். அவர் அப்போதுதான் வாய்விட்டு அழுதார். ஆனாலும் நாயை என் வீட்டுக்குத்தான் அனுப்பினார்.

கருமாதி முடிந்து கடை திறந்த அன்று, பார்த்துவிட்டு வரலாம் என்று முசேவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அதே சோரியாங்குப்பத்துக்காரர் வந்தார். ஆறுமுகத்திடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக முசேவிடம் போய்க் குனிந்து உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். முதுகைத் தடவினார். அப்புறம் நிமிர்ந்து, “ரெண்டு மூட்டை யூரியா” என்றார். ஆறுமுகம் மூட்டையை எடுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்து, “ஷோ எப்பண்ணா?” என்று கேட்டார்.

வளையத்தில் முசேவை நான்தான் பிடித்தேன். ஆறுமுகம் கயிற்றுக்கு வெளியே நின்றார். நடுவர் வந்து வாயைத் திறந்தார். பல்லைப் பார்த்தார். முதுகை நீவினார். தொட வேண்டியதையெல்லாம் தொட்டார். தனம் சொன்ன மாதிரியே முசே நின்றது. எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. பரிசு கிடைக்கவில்லை. ஓடும்போது பின்னங்கால் உள்ளே வாங்கியது. நான் சொன்னதுதான் நடந்தது. இதற்கு என்னோடு சண்டை போட அவள் இல்லை. அத்தனை நாள் கழித்து, அங்கேதான் அவள் செத்துப்போனது எனக்கு முழுசாகத் தெரிந்தது.

வளையத்தை விட்டு வெளியே வந்தோம். முசே இன்னும் விறைப்பாகவே நடந்து வந்தது. எதிரே நின்றிருந்த ஆறுமுகம் திடீரென்று தரையில் உட்கார்ந்தார். கையிலிருந்த வாரை விட்டுவிட்டு ஓடினேன். தோளைப் பிடித்து உலுக்கி முகத்தைப் பார்த்தேன்.

“இன்னாப்பா? இன்னா பண்ணுது? நெஞ்சு வலிக்குதா?”

“ஒண்ணுமில்லண்ணா,” என்றார். “அதுக்கு லீவு வுட்டேன்.”

அதற்குள் முசே என்னை இடித்துத் தள்ளிவிட்டு அவர் மடியில் ஏறியிருந்தது.

முசே இப்போது கரிக்கலாம்பாக்கத்தில்தான் இருக்கிறது. கடைக்குப் போனால் பல்லைப் பாருங்கள். எனக்கு அவளிடமிருந்து மிஞ்சியது அந்த ஓட்டம்தான். வீட்டில், கடையில், பஸ் நிறுத்தத்தில், யார் சட்டென்று தரையில் உட்கார்ந்தாலும் நான் ஓடிப்போய் முகத்தைப் பார்க்கிறேன்.