பத்துப் பேர் ஊதிய பந்து

சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும்போது வருமே, ரப்பரும் பசையும் கலந்த வாடை, அது எனக்கு ஆகாது. போன வாரம் தாலுக்கா கச்சேரியில் வேலை முடிந்து வரும் வழியில் டியூப் காலை வாரிவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடை வாசலில் நின்றேன். கடைக்காரர் தலை நிமிராமல், “உங்க டிரில் சார் இன்னைக்குக் காலத்தே தவறிப் போயிட்டாரு. அறிஞ்சியளா?” என்றார்.

யேசுவடியான் சாரைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. மிஷன் பள்ளியில் டிரில் வாத்தியார். வெறுங்காலோடு கால்பந்து ஆடும் எங்களை வைத்துக்கொண்டு, பூட்ஸ் போட்ட திருவனந்தபுரத்துக்காரர்களைத் தோற்கடித்தவர். அவர் பந்து பழக்குவதைப் பார்க்கக் களியக்காவிளையிலிருந்துகூட ஆள் வரும். கெட்ட வார்த்தை பேசமாட்டார். வேதத்தில் வரும் பொல்லாத ராஜாக்களின் பெயரைச் சொல்லித் திட்டுவார். நான் பெரும்பாலும் ஏரோது.

வாடையில் ஆரம்பித்தேன் அல்லவா? அந்தக் காலத்துப் பந்துக்குள் பிளாடர் என்று ஒரு ரப்பர் பை இருக்கும். அதன் நீண்ட குழாயில் வாய் வைத்து ஊதி, மடக்கி நூலால் கட்டி, தோலுக்குள் திணித்து வார் போட்டு இறுக்க வேண்டும். தெம்புள்ள ஒருவனே ஊதிவிடலாம். சார் விடமாட்டார். ஆட்டத்துக்கு முன் எங்களை வட்டமாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு ஊத்து ஊதச் சொல்வார். “பதினொண்ணு பேருக்க மூச்சும் உள்ள போனாத்தான் மக்கா, அது நம்ம பந்து” என்பார்.

கடியப்பட்டணத்து மீன்காரர் மகன் வாய் வைத்து, மயிலாடிக் கல்தச்சர் மகன் வாய் வைத்து, குழாய் என்னிடம் வரும். நானோ வெள்ளாள வீட்டுப் பிள்ளை. குழாயைக் கைக்குள் இறுக்கி மறைத்து, உதடு படாமல் கன்னத்தை மட்டும் உப்பிக் காட்டுவேன். எச்சில் யாருடையதானாலும் எச்சில்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். மாமா மகன் பாதி கடித்துத் தந்த மாங்காயை உப்புத் தொட்டுத் தின்றவனும் நான்தான்.

வட்டம் முடிந்ததும் சார் தாமே கடைசியாக ஓர் ஊத்து ஊதிக் கட்டுவார். காற்றுச் சரிதானா என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்திருந்தோம்.

கோப்பைக்கான கடைசி ஆட்டத்தன்று முன் பெஞ்சில் என் மாமா வந்து உட்கார்ந்துவிட்டார். கன்னத்தை உப்பினால் நிஜமாகவே ஊதுகிறேன் என்று அவர் நம்பிவிடுவாரே! குழாயை விரல் நுனியால் வாங்கி, அப்படியே அடுத்தவனிடம் தள்ளிவிட்டேன். பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். சார் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“சாரமில்ல, விடு மக்கா. உனக்க ஊத்தும் எப்பவும் நான்தானே ஊதுகேன்.”

அந்த வருஷம் அவருக்கு இருமல் பிடித்திருந்தது. ஊதிவிட்டு வெகுநேரம் இருமினார்.

ஜெயித்தோம். கோல் அடித்தவன் நான். சார் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார். அந்தத் தோளில் உட்கார மட்டும் எனக்கு ஒரு தீட்டும் தோன்றவில்லை. அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் அதே ஊரில்தான் இருந்தோம். வழியில் கண்டால், “சுகந்தானா மக்கா?” என்பார். தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை வேகமாக மிதிப்பேன். மன்னிப்புக் கேட்க ஒரு நிமிஷம் போதும். கேட்கவில்லை.

கடையிலிருந்து நேரே சாவு வீட்டுக்குப் போனேன். சாரின் மனைவி என்னை அடையாளம் கண்டு, அந்தத் துக்கத்திலும் வெயிலில் வந்தவனென்று தண்ணீர் கொண்டுவந்து தந்தார். தயங்காமல் வாங்கினேன். மாமா இந்த வீட்டுப் படியே ஏறியிருக்க மாட்டார், நான் தண்ணீரே குடிக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. அண்ணாந்து, தம்ளர் உதட்டில் படாமல் தூக்கி ஊற்றிக்கொண்டேன். அந்த அம்மாள் பார்த்துக்கொண்டே நின்றார்.

“வாய் வச்சே குடி மக்கா. கழுவின தம்ளர்தான்.”

கூனிக்குறுகிப் போனேன். வாய் வைத்துக் குடித்தேன்.

பள்ளிக்கூடத்தில் இப்போது பித்தளைப் பம்பு வந்துவிட்டது. வட்டமாக நிற்பதும் இல்லை, ஆளுக்கு ஓர் ஊத்தும் இல்லை. நாலு அழுத்து அழுத்தினால் பந்து தயார். யாரும் யாருடைய எச்சிலிலும் வாய் வைக்க வேண்டாம். அன்றைக்கு நான் ஆசைப்பட்டதும் இதைத்தான். எனக்கும் சேர்த்து ஊதியவர்தான் இல்லை.