சுவாகொப்முண்டில் நான் மிதித்த மணல்

கணவரின் ஆண்டு நினைவுப் பூசைக்கு முன்பே நான் ஆபிரிக்காவுக்கு உல்லாசம் போனதாக டோர்ட்மண்டில் சிலர் பேசுகிறார்கள். அது பிழை. பூசை முடிந்து பன்னிரண்டாம் நாள்தான் புறப்பட்டேன். கன்னியர் மடத்தில் படித்தவள் நான், திகதி பிசகமாட்டேன்.

நமீபியாவின் சுவாகொப்முண்ட், ஜெர்மனியர் ஆண்டபோது பாலைவனக் கரையில் கட்டிய நகரம். ஓய்வுபெற்றபின் இருவருமாகப் போக நினைத்திருந்தோம். 2006 ஒக்டோபரில் அவருக்குப் பதிலாக அவரது தங்கை ராணி வந்தாள். பிராங்பேர்ட்டிலிருந்து விண்ட்ஹூக் பத்து மணி நேரம். பிறகு சிற்றூந்தில் 360 கிலோமீற்றர், நாலரை மணி நேரம், ஆளுக்கு 220 நமீபிய டொலர்.

கூர்க்கோபுரத் தேவாலயம், மரச்சட்டம் தெரியும் வீடுகள், ஜெர்மன் தெருப்பெயர்கள். வெதுப்பகத்தில் ஜெர்மனில் பேசினேன். "ஜெர்மனியில் எந்த நகரம், அம்மையாரே?" என்று கடைக்காரர் கேட்டார். டோர்ட்மண்டில் இருபது வருடமாக "எந்த நாடு?" என்றுதான் கேட்கிறார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. மறைக்கமாட்டேன்.

மறுநாள் காலை வாடகைக் காரில் கல்லறைத் தோட்டம் போனோம். காத்திருப்புடன் 60 டொலர். சாரதி பெட்ரஸ், ஐம்பது வயதிருக்கும், ஹெரேரோ இனத்தவர், நல்ல ஜெர்மன். எந்த ஊர்க் கல்லறைக்குப் போனாலும் பெயர் வாசித்து, மெழுகுதிரி ஏற்றி, ஒரு செபம் சொல்வது எங்கள் வழக்கம். பன்னிரண்டு திரி கொண்டுபோயிருந்தேன். பளிங்குக் கற்களில் ஜெர்மன் பெயர்களை வாசித்து வாசித்துப் பன்னிரண்டையும் ஏற்றினேன். கூட வந்த பெட்ரஸ் முன்னே நடந்தார்; கார் மறுபுறம் நின்றது. இடையில் வெறும் மணல், சிறு சிறு குவியல்கள்.

"மச்சாள், அந்த மனிசன் சுத்திப் போறார். நாங்களும் சுத்திப் போவமே?"

"இந்தக் காத்துக்கை உனக்கு விசரே? நேரா வா."

காரடியில் பெட்ரஸ் ஜெர்மனில் மெதுவாக, "நீங்கள் நடந்து வந்தது எங்கட ஆக்களுக்கு மேலால, அம்மா" என்றார். நூறு வருடத்துக்கு முன் ஜெர்மனியரின் முகாமில் அடைபட்டு இறந்த ஹெரேரோ, நாமா இனத்தவர்கள் அங்கே கிடக்கிறார்கள். கல் இல்லை, பெயர் இல்லை. அவருடைய பாட்டனாரின் தாயும் அதற்குள்தான்.

மன்னிப்பு வாய்வரை வந்தது. சொன்னது வேறு: "அப்பிடியெண்டால் ஒரு பலகை வைச்சிருக்க வேணும்."

"ஓம். வைச்சிருக்க வேணும்தான்."

கார்க் கதவைத் திறந்துவிட்டார். விடுதியில் ராணி, "மன்னிப்புக் கேட்டால் வாயில இருந்து முத்துக் கொட்டிப் போகுமே?" என்றாள். "பிழை விட்டால்தானே கேக்கிறதுக்கு" என்றேன். பிழை விட்டிருந்தேன். இலங்கைப் போரில் இறந்த என் தம்பியும் ஊரில் எங்கோ பெயரில்லாத மண்ணுக்குள் இருக்கிறான். அதன்மேல் ஒருவர் நடந்துவிட்டுப் பலகையைப் பற்றிப் பேசினால் நான் பொறுத்திருப்பேனா?

அடுத்த காலை திரி வாங்கிக்கொண்டு அவரைத் தேடினேன். வேறு பயணிகளுடன் வடக்கே போய்விட்டார், நான்கு நாள் ஆகும் என்றார்கள். எங்களுக்கு அன்றே விமானம். மணலோரம் நின்று ஏற்றிய திரிகளைக் காற்று அணைத்தது. அணையாவிட்டாலும் அது அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகாது.

போகிறவர்களுக்கு: தடித்த சட்டை எடுத்துச் செல்லுங்கள், காலையில் மூடுபனி. கற்கள் உள்ள பக்கத்தோடு திரும்பிவிடாதீர்கள். மணற்பக்கம் பாதையை விட்டு இறங்காதீர்கள்.

பெட்ரசுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அத்தனை பேரின் பெயரை வாசித்தவள் அவரது முழுப்பெயரைக் கேட்கவில்லை. தபாலில் அனுப்ப வழியில்லை. தேவாலயத்தின் முன் உள்ள வாடகைக் கார்த் தரிப்பிடத்தில் நிற்பார். இவ்வருடம் அங்கே போகும் யாராவது அதை அவர் கையில் கொடுக்க முடியுமா? முடியும், முடியாது, எதுவானாலும் தயவுசெய்து இப்பதிவின் கீழ் எழுத்தில் பதில் தாருங்கள்.