முன் சக்கரத்துக் காற்று: ஆம்பூரிலிருந்து வேலூருக்கு

சென்ற மார்ச் மாதம் ஆம்பூரிலிருந்து வேலூர் வரை ஏறக்குறைய முப்பத்தொரு மைல் சைக்கிளில் வந்தேன். உபாத்தியாயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் வயதில் இது எதற்கு என்று பலர் கேட்டார்கள். அந்தச் சைக்கிள் என் மகன் சாமுவேலுடையது. ஆம்பூரில் தோல் பதனிடும் கொட்டகை ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தான். சனிக்கிழமைதோறும் அதில் வேலூர் வீட்டுக்கு வருவான். பிப்ரவரியில் ஜன்னி கண்டு மூன்றாம் நாள் போய்விட்டான். அடக்கம் அங்கேயே நடந்தது. அவனுடைய துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினோம். சைக்கிள் அங்கேயே நின்றுவிட்டது.

ஒரு மாதம் கழித்து என் மனைவிதான் அதைக் கொண்டுவரச் சொன்னாள். ரயிலில் போட்டு எடுத்துவரலாம் என்றேன்.

"மூட்டையாட்டம் போட்டுக்கினு வராதீங்க. அவன் ஓட்டிக்கினு வருவானே, அப்படி வரட்டும்" என்றாள்.

அந்த ரோடு முள்ளுக்குப் பேர்போனது. தோல் பதனிடக் கருவேலம்பட்டை ஏற்றிய வண்டிகள் ராவும் பகலும் ஆம்பூருக்குப் போகின்றன. பட்டையோடு முள்ளும் உதிர்கிறது. அதனால் புறப்படுவதற்கு முந்தின நாள் லாங் பஜாருக்குப் போய்ப் பஞ்சர் சாமான்கள் வாங்கினேன். தகர டப்பியில் எல்லாம் சேர்ந்து வருவது பத்தணா. அது வேண்டாம். தனித்தனியாக வாங்கினால் நாலணாவில் முடியும். ஒட்டுவதற்கு ஜப்பான் சொல்யூஷன் ஒரு குழாய் இரண்டணா, பழைய ட்யூப் துண்டு ஓரணா, உப்புத்தாள் அரையணா, வால்வு ரப்பர் ஓரடி அரையணா. சொல்யூஷன் குழாயை மூடிக்குக் கீழே அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் நல்லது. கல்லாக இருந்தால் உள்ளே காய்ந்துவிட்டது என்று அர்த்தம். நான் ஏழு குழாய்களை அழுத்தினேன்.

"இன்னா சார், பள்ளிக்கூடத்த வுட்டுட்டீங்க, பரீட்சை வெக்கிறத மட்டும் வுடல போலகீது" என்றார் கடைக்காரர். எட்டாவது தேறியது.

ஒட்டிய இடத்தில் தூவும் பொடிக்குக் காசு கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடச் சாக்குக் கட்டியை நசுக்கினால் போதும். டயரை நெம்ப இரண்டு பழைய கரண்டிக் காம்புகள் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கோட்டைக்கு எதிரே பஸ் ஏறினேன். கட்டணம் பத்தணா. ஒன்பது மணிக்கு ஆம்பூர். சாமுவேல் குடியிருந்த வீடு கரீம் பாயுடையது. சைக்கிளைக் கோணி போர்த்தித் தம் மாட்டுக்கொட்டகையில் வைத்திருந்தார்.

"வாங்க வாத்தியார் சாப். பின்னாடி டயர் பூரா ஒக்காந்துடுச்சி. முன்னாடி நான் கையே வெக்கல" என்றார்.

முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பாதிக் காற்று இருந்தது. ஒன்று நிற்க ஒன்று இறங்கியது எப்படி என்று கேட்டேன். பாய் கொஞ்ச நேரம் கோணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு சனிக்கிழமை இல்லியா. வேலூர் பொறப்படணும்னு தம்பிதான் அடிச்சான். முன்னாடி அடிச்சி முடிச்சான். பின்னாடி சக்கரத்தாண்ட வந்தான். 'தலை சுத்துது பாய்'னு சொல்லிட்டு, பம்ப கைல புடிச்சிக்கினே கீழ ஒக்காந்துட்டான். அதான் சாப். அப்பறம் எழுந்து நிக்கவே இல்ல."

அப்போதே முடிவு செய்தேன். முன் சக்கரத்தைத் தொடப்போவதில்லை. அதிலிருப்பது அவன் அடித்த காற்று. அதை அப்படியே கொண்டுபோய் அவன் தாய் ஒருமுறை அழுத்திப் பார்க்கும்படி செய்ய வேண்டும். அவனிடமிருந்து வீட்டுக்கு வருவதற்கு வேறு ஒன்றும் மீதமில்லை.

பின் சக்கரத்தைக் கழற்றினேன். பாய் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். ட்யூபில் காற்றடித்து அதில் அமிழ்த்தினேன். ஓட்டை கண்டுபிடிப்பது வகுப்பில் பேசும் பையனைக் கண்டுபிடிப்பதைப் போன்றது. நாம் கத்தினால் தெரியாது. எல்லாம் அடங்கும்வரை சும்மா இருக்க வேண்டும். தண்ணீர் அசையாமல் நின்றதும் ஒற்றைக் குமிழி வரிசை எழும்பியது. சொல்யூஷன் தடவியதும் ஒட்டிவிடாதீர்கள், பலரும் தவறுவது இங்கேதான். மினுமினுப்பு மங்கும்வரை காத்திருந்து ஒட்ட வேண்டும். டயரின் உட்புறம் நைந்திருந்த இடத்துக்குப் பாய் ஒரு தோல் துண்டு கொடுத்தார். ஆம்பூரில் தோல் துண்டுக்கு யாரும் காசு வாங்குவதில்லை. அது ட்யூபுக்குக் கவசம் மாதிரி.

எல்லாம் முடிந்ததும், "முன்னாடி கம்மியா கீது சாப், நாலு அடி அடிங்க" என்றார் பாய்.

"இருக்கட்டும் பாய்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பம்பைச் சைக்கிளில் மாட்டினார்.

பத்தரைக்குப் புறப்பட்டேன். மாதனூர் வரை ஏழெட்டு மைல், நிழலான ரோடு. பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. முன் சக்கரம் கனமாகத்தான் உருண்டது; மேடு வந்தால் இறங்கித் தள்ளினேன். பள்ளிகொண்டாவுக்கு இன்னும் ஐந்து மைல் இருக்கும்போது எதிரே பட்டை வண்டி ஒன்று வந்தது. ஒதுங்கினேன். முன் டயரில் 'டக்' என்று ஒரு சத்தம். விரல் நீளக் கருவேல முள் நேராக ஏறியிருந்தது.

முள்ளைப் பிடுங்காத வரையில் அதுவே ஓட்டைக்கு மூடி. அதனால் கை வைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். வண்டிக்காரர் மாட்டை நிறுத்தினார்.

"இன்னா பெரியவரே, முள்ளுக்கு மாலை போடப் போறியா? புடுங்கிப் போட்டு ஒட்டிக்கினு போவியா!"

"இதுல இருக்குறது எம் பையன் அடிச்ச காத்துப்பா. அவன் இப்ப இல்ல" என்றேன். முன்பின் தெரியாத ஆளிடம் ஏன் சொன்னேனோ தெரியவில்லை.

அவர் தலைத்துணியை அவிழ்த்தார். பிறகு வண்டிக்கடியில் தொங்கிய மூங்கில் குழாயிலிருந்து அச்சுக்குப் போடும் மையை எடுத்து, முள்ளைச் சுற்றி அப்பினார்.

"ஏறாத. தள்ளிக்கினு போ. தாங்குற வரைக்கும் தாங்கட்டும்" என்றார்.

அந்த ஐந்து மைலும் தள்ளிக்கொண்டு நடந்தேன். அரை மைலுக்கு ஒருமுறை நின்று அழுத்திப் பார்த்தேன். பள்ளிகொண்டாவில் ஒரு புளியமரத்தடியை அடைந்தபோது மணி மூன்று. டயர் இரும்பு வளையத்தோடு ஒட்டிவிட்டது. வால்வருகே மட்டும் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. முகத்தைச் சக்கரத்தருகே கொண்டுபோய் முள்ளைப் பிடுங்கினேன். சத்தம்கூட வரவில்லை. ரப்பர் வாசனைதான் வந்தது.

ட்யூபை உருவினேன். அதில் ஏற்கெனவே மூன்று ஒட்டுகள் இருந்தன, மூன்றும் அவன் போட்டவை. மூன்றையும் வட்டமாக வெட்டியிருந்தான். சதுரமாக வெட்டினால் மூலைதான் முதலில் கிளம்பும். வட்டத்துக்கு மூலை கிடையாது. அவன் சிறுவனாக இருந்தபோது, என் சைக்கிளுக்கு ஒட்டுப் போடுகையில் நான் அவனுக்குச் சொன்னது இது. நாலாவதை நான் வட்டமாக வெட்டி ஒட்டினேன். அவனுடையதைப் போல நேர்த்தியாக வரவில்லை. அவனுடைய பம்பாலேயே காற்றடித்தேன். முன்னால் நாற்பது அடி, பின்னால் பத்து.

பள்ளிகொண்டாவிலிருந்து வேலூர் பதினாலு மைல். விரிஞ்சிபுரம் தாண்டியதும் வெயில் தணிந்தது. இரண்டு சக்கரமும் நன்றாக உருண்டன. ஆறேகாலுக்கு வீடு.

மணிச்சத்தம் கேட்டு என் மனைவி வாசலுக்கு வந்தாள். சைக்கிளை ஒருமுறை சுற்றிவந்தாள். பிறகு குனிந்து, முன் டயரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"ரெண்டும் நீங்க அடிச்சதா?"

"ரெண்டும் நான் அடிச்சதுதான்."

விரலை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "கை கால் கழுவிக்கினு வாங்க. சோறு ஆறுது" என்று உள்ளே போனாள். பாய் சொன்னதை அன்று நான் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

இந்த ரோட்டில் போக நினைப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. பட்டை வண்டி போன தடத்தில் போகாதீர்கள். அச்சு மை ரப்பரைத் தின்றுவிடும். அந்த வண்டிக்காரர் அன்பாகச் செய்ததை நீங்கள் வழக்கமாகச் செய்யாதீர்கள். அரைக் காற்றோடு புறப்படாதீர்கள். கெட்டியான டயர் சிறு முள்ளைத் தட்டிவிடும், தளர்ந்த டயர் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். எவ்வளவு நல்ல ட்யூபானாலும், முள்ளே ஏறாவிட்டாலும், காற்று கொஞ்சங்கொஞ்சமாகப் போய்க்கொண்டேதான் இருக்கும். வாரம் ஒருமுறை அடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் சனிக்கிழமை அடிக்கிறோம். முன் சக்கரத்துக்கு அவள் வால்வைப் பிடித்துக்கொள்கிறாள்.