பட்டாணிப் பொட்டலத்தில் போன கடைசிப் பக்கம்

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கடைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தேன். இராமநாதன் சார் வந்து நின்றார். டூட்டி நேரத்தில் கடைப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர் அல்ல அவர். கையில் ஒரு தந்தி. “பாய், இதைப் படிங்க. நான் தப்பாப் படிக்கிறேனான்னு பாருங்க” என்றார். நாலைந்து இங்கிலீஷ் சொற்கள்தாம். என் அரைகுறை இங்கிலீஷுக்கே அவை விளங்கிவிட்டன. சாவித்திரி காலமானார், உடனே புறப்படு. சாவித்திரி சாரின் மனைவி. மூன்று முறை படித்தேன். “வேற யாருக்காவது வந்ததா இருக்கும் சார்” என்றேன். வாயிலிருந்து வரும்போதே அது மடத்தனம் என்று தெரிந்தது.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் அந்த அம்மாவின் கடிதம் எனக்கு வந்திருந்தது. மகள் நித்யாவை மதுரையில் பள்ளியில் சேர்த்தாயிற்று, பாட்டி வீட்டில் பழக்கிவிட்டு அடுத்த மாதம் வந்துவிடுவேன், அதுவரை பத்திரிகைக் கட்டைக் கிழித்துவிடாதீர்கள் என்று எழுதியிருந்தார். கட்டு இன்னும் கல்லாவுக்குக் கீழேதான் இருக்கிறது. பள்ளி விட்டதும் மகளை அழைத்துவரப் போனவர் வாசலிலேயே சரிந்தாராம். முப்பத்து நாலு வயது. சாகிற வயதா அது? இத்தனை நாள் கழித்தும் எனக்குப் புத்தியில் ஏறவில்லை.

சவூதியில் இந்த யான்பில் இருக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சார் இங்கே சைட்டில் இன்ஜினியர். நம் பிள்ளைகளுக்கு இங்கே பள்ளிக்கூடம் கிடையாது. பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வாருங்கள் என்று எல்லோரும் சொன்னோம், நானும்தான் சொன்னேன். அந்த அம்மா ஏழு வயது மகளைக் கையோடு கூட்டிவந்தார். “பள்ளிக்கூடம் இல்லேன்னா படிப்பும் இல்லைன்னு யார் பாய் சொன்னது?” என்று கேட்டார். சாப்பாட்டு மேசையிலேயே மூன்று வருஷம் பாடம் நடந்தது.

லீவில் போய் வருகிறவர்கள் கொண்டுவரும் தமிழ்ப் பத்திரிகைகள் பழசானதும் என் கடைக்கு வரும், பொட்டலம் மடிக்க. ஒரு நாள் கால் கிலோ துவரம்பருப்பு மடித்துக் கொடுத்தேன். அந்த அம்மாவின் கண் என் கையிலிருந்த தாளிலேயே இருந்தது. “அடுத்த தாள்ல கடலைப்பருப்பு கால் கிலோ” என்றார். அப்புறம் உளுந்து. அப்புறம் பாசிப்பருப்பு. “என்னம்மா, வீட்டுல விருந்தா?” என்றேன். “இல்ல பாய், அந்தத் தொடர்கதைப் பொண்ணுக்குக் கல்யாணம் நடந்துச்சா இல்லையான்னு தெரியணும்” என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து கட்டு முதலில் அவர் வீட்டுக்குப் போகும், படித்து முடித்ததும் கிழிக்க என்னிடம் திரும்பும்.

அந்த வழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

தாயும் மகளும் சேர்ந்து ஒரு நோட்டில் கதை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் மகள் ஒரு தாள், மறுநாள் தாய் ஒரு தாள். கப்பலில் வந்து, துறைமுகத்தில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஓர் ஆட்டின் கதை. மதுரைத் தலைமையாசிரியை, “சான்றிதழ் இல்லாத பெண்ணை எப்படிச் சேர்ப்பது? மூன்று வருஷம் என்ன படித்தாள் என்று காட்டுங்கள்” என்று எழுதியிருந்தார். காட்டுவதற்கு இருந்தது அந்த நோட்டுதான். அது பலிக்காவிட்டால் மகளை ஹாஸ்டலில் போட்டு முதல் வகுப்பிலிருந்து ஆரம்பிப்பது என்று சார் பிடிவாதமாக இருந்தார்.

அந்த நோட்டு பத்திரிகைக் கட்டோடு என் கடைக்கு வந்துவிட்டது. கட்டைக் கொண்டுவந்தவர் சார். பார்க்காமல் கிழித்தவன் நான். மூன்று நாள் கழித்து அந்த அம்மா வந்து, “பாய், கட்டுக்குள்ள ஒரு நோட்டு...” என்று ஆரம்பித்தபோது, என் கையிலிருந்த பொட்டலத்திலேயே நித்யாவின் கையெழுத்து தெரிந்தது. மண் பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. அவர் திட்டவில்லை. “யார் யாருக்கு மடிச்சீங்கன்னு யோசிங்க பாய். படிக்கத் தெரிஞ்சவன் தூக்கிப் போட்டிருக்க மாட்டான்” என்றார்.

அவர் சொன்னது பெரும்பாலும் பலித்தது. சாரும் நானும் தொழிலாளர் கேம்ப்பில் ரூம் ரூமாக ஏறி இறங்கினோம். ஒருவன் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான். இன்னொருவன், “ஆடு இறங்குச்சா பாய்? முன்பக்கம் யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டான். எண்ணெய்க் கறையோடு எல்லாம் திரும்பின, கடைசித் தாளைத் தவிர. அது அந்த அம்மா எழுதியது. பட்டாணி மடித்துக் கொடுத்த ஞாபகம் இருக்கிறது, வாங்கியவன் முகம் ஞாபகமில்லை. “மறுபடி எழுதிடுங்களேன்மா” என்றேன். “எழுதலாம் பாய். ஆனா அது வேற பக்கமாத்தான் இருக்கும். வரும், காத்திருப்போம்” என்றார். அந்தத் தாள் வராமல் அடுத்ததை மகளும் எழுதவில்லை.

கதைக்கு முடிவு எங்கே என்று தலைமையாசிரியை கேட்டாராம். “யான்புல யாரோ வாங்கின பட்டாணியில இருக்கு மிஸ்” என்றாளாம் நித்யா. நடந்ததை முழுக்கச் சொல்ல வைத்துக் கேட்டுவிட்டு, அவளை ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டாராம். அந்த அம்மாவின் கடிதத்தில் இதுதான் ஒரு பக்கம் முழுக்க இருந்தது.

தந்தி வந்தும் சார் உடனே கிளம்ப முடியவில்லை. ஊருக்குப் போகும் தாளில் கஃபீல், அதாவது விசா கொடுத்த சவூதி முதலாளி, கையெழுத்துப் போட வேண்டும், கஃபீல் ரியாத்தில் இருந்தார். மூன்றாம் நாள் சார் என் கடையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு வெல்டர் வந்தான். பாலைவன சைட்டுக்கு மாற்றலாகிப் போயிருந்தவன், பெயர் செல்வராஜ். மேல்பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்தான். “பாய், அன்னைக்குப் பட்டாணி கட்டிக் குடுத்தீங்கள்ல, அந்தத் தாளு. இதுக்கு மேல என்ன ஆச்சு? யார் எழுதினது?” என்று கேட்டான்.

நான் சாரைப் பார்த்தேன். அவர் எழுந்து தாளை வாங்கி, எழுத்தைப் பார்த்துவிட்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். தந்தி வந்த நாளிலிருந்து அழாத மனிதர் அப்போதுதான் அழுதார். செல்வராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்னதும் அவனும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

அந்தத் தாளை சாரிடமே கொடுத்தனுப்பினேன். தாய் எழுதிய தாள் அது, அடுத்தது மகளின் முறை. அனுப்புமுன் என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். ஆடு ஒரு காலை மட்டும் கப்பலின் இறங்கு பலகையில் வைத்துப் பார்க்கிறது. அத்தோடு நிற்கிறது.

“எழுதினதைச் சத்தமா வாசிச்சுப் பாரு. எங்க மூச்சு முட்டுதோ அங்க நீ பொய் சொல்லியிருக்கே” என்று அந்த அம்மா மகளுக்குச் சொன்னதை என் கடையில் நின்றே கேட்டிருக்கிறேன். கதவை இறக்கிவிட்டு, அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். ஓர் இடத்திலும் மூச்சு முட்டவில்லை. முடித்த பிறகுதான் முட்டியது.

அந்த அம்மாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பக்கமும், அவர் வைத்துவிட்டுப் போன ஒரு பழக்கமும்தான். இப்போதெல்லாம் என் கடையில் பொட்டலத்துக்குக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. படித்துப் பார்க்காமல் எந்தத் தாளையும் நான் கிழிப்பதில்லை.