பன்னிரண்டு கேட்டால் பன்னிரண்டு

என் மனைவிக்கு அவளுடைய ஆய்வகத்தில் ‘ஊசி’ என்று பெயர். குத்திப் பேசுவதால் அல்ல. அந்த விஷயத்தில் அவள் பாவம், எறும்புக்குக்கூட வழி விடுவாள். வயிற்றைக் கலக்கும் ஒரு கிருமி நம் உடம்பில் நோயைக் கிளப்ப ஓர் ஊசி வைத்திருக்கிறது. புரதங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிருமியின் தோலில் கட்டிய ஊசி. அதை நம் செல்லில் குத்தி, தன் சரக்கை உள்ளே தள்ளி, வீட்டுக்காரனையே வேலைக்காரனாக்கிவிடும். அந்த ஊசியின் அடி வளையத்தில் எத்தனை துண்டுகள் என்று கண்டுபிடிப்பதுதான் ஆறு வருஷமாக அவள் பிழைப்பு.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். கத்தினால் காரியம் நடக்கிற உலகம் என்னுடையது. கல்யாணத்துக்கு முன்பே அவள் சொன்னாள், “எனக்கு ஞாயித்துக்கிழமை எல்லாம் கிடையாது, கிருமிக்குத் தீனி போடணும்.” தமாஷ் என்று நினைத்துச் சிரித்தேன். என் தலையெழுத்து.

கிருமியைக் குடம் குடமாக வளர்க்க வேண்டும். தோலைக் கரைத்து ஊசியை உடையாமல் எடுக்க வேண்டும். அதில் ஒரு சொட்டைப் பொட்டு அளவு சல்லடையில் வைத்து, இமைக்கும் நேரத்தில் உறையவைத்து, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுக்க வேண்டும். தனிப் படத்தில் ஒரு மண்ணும் தெரியாது. லட்சக்கணக்கான படங்களைக் கணினி சேர்த்து அடுக்கினால்தான் உருவம் வரும். வளையத்தை எண்ணுவதற்கு மேலிருந்து பார்க்க வேண்டும். இந்தப் பாழாய்ப்போன ஊசிகளோ, சொல்லிவைத்தாற்போல் அத்தனையும் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். என் வகுப்பாக இருந்தால் வெயிலில் நிற்க வைத்திருப்பேன்.

வேறொரு ஊரில் என் அம்மா தனியாக இருக்கிறாள். போன வருஷம் குளியலறையில் விழுந்து இடுப்பில் அடி. வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அங்கே ஒரு பள்ளிக்கூடம் என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. “படம் முடிஞ்சதும் வந்துடறோம்மா” என்று அவளிடம் சொல்லிச் சொல்லி என் நாக்கு தேய்ந்துவிட்டது.

ஒருவழியாகப் படம் வந்தது. பன்னிரண்டு துண்டுகள், அழகான வளையம். என் மனைவியின் பேராசிரியர் உடனே ஒரு மாநாட்டில் அதைக் காட்டிக் கைதட்டல் வாங்கினார். நான் அம்மாவுக்குப் போன் போட்டேன். முன்னறையைக் கழுவி வைக்கிறேன் என்றாள். புதுப் பள்ளிக்கூடத்துக்கும் சரி என்று சொல்லிவிட்டேன்.

மறுவாரம் ஒரு சாயங்காலம் என் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பன்னிரண்டு இருக்கும்னு கணினிக்கு நான்தாங்க சொல்லிக்கொடுத்தேன்.”

“அப்படின்னா?”

“மேலேருந்து பார்த்த படம் குறைவு. பங்காளிக் கிருமி ஒண்ணுக்குப் பன்னிரண்டுன்னு படிச்சிருந்தேன். இதையும் பன்னிரண்டு சம துண்டா வெச்சுக் கணக்குப் போடுன்னேன், போட்டுது. இன்னிக்குச் சும்மா பதினொண்ணுன்னு சொல்லிப் பார்த்தேன். அதே அழகா பதினொண்ணு வருது. பதிமூணு கேட்டேன், அதுவும் வருது.”

“எதுதான் உண்மை?”

“தெரியல.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. “விட்டுத் தொலையேன்! உன்னைத் தவிர எவன் எண்ணிப் பார்க்கப் போறான்?”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். “ஓட்டப்பந்தயத்துல ஒரு பொண்ணு விசிலுக்கு முன்னாடியே ஓடிட்டா என்ன செய்வீங்க?”

“திரும்பக் கூப்பிடுவேன்.”

“முதல்ல வந்தாக்கூட?”

“முதல்ல வந்தா கண்டிப்பா” என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அந்த எரிச்சலில் அன்று சாப்பிடவே இல்லை.

மறுநாள் பேராசிரியரிடம் போனாள். “மேடையில பன்னிரண்டுன்னு சொல்லிட்டேனேம்மா” என்றாராம் அவர். “இன்னொரு தடவை மேடை ஏறிடுங்க சார்” என்றாளாம் இவள். எறும்புக்கு வழி விடுகிறவள்! அதற்கு அவர், “மறுபடி வளர்க்க ஆரம்பி” என்றிருக்கிறார். இன்னும் இரண்டு வருஷம் ஆகலாம்.

புதுப் பள்ளிக்கூடத்துக்கு வர முடியாது என்று சொல்வது சுலபமாக இருந்தது. அம்மாவுக்குத்தான் போன் போடக் கை வரவில்லை. கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

“என்னடா, எப்ப வர்றீங்க? படம்தான் வந்துடுச்சே?”

“வந்துச்சும்மா. ஆனா மூணு படம் வந்திருக்கு. எது சரின்னு தெரியல.”

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

“மூணு இருக்குல்ல? ஏதாவது ஒண்ணைக் குடுத்துட்டு வாங்களேன்டா.”

நானும் இதையேதான் கத்தினேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. எதிரே என் மனைவி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். “முடியாதும்மா” என்றேன்.