இரண்டாவது டாங்க்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கடை இருக்கிறது. வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை. டைனமோ, செல்ப் மோட்டார், வயரிங் எல்லாம் என் வீட்டுக்காரர் பார்ப்பார். மீட்டர் வேலை என்னுடையது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட உட்கார்த்தி வைப்பார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஆனால் அந்த விரல்கள்தான் பிற்பாடு மீட்டருக்குள் இருக்கும் முடி போன்ற ஸ்பிரிங்கைப் பிடிக்க உதவின.

ஒரு ஆடி மாதக் காலையில் மூக்கு வைத்த பழைய லாரி ஒன்று சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. பெட்ரோலில் ஓடும் காலத்து லாரி. ஓட்டி வந்தவருக்கு எழுபதை நெருங்கும் வயது. முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், செக்கானூரணிக்கு மேற்கே தோட்டம் துரவோடு இருக்கிறார். ஏதோ ஒரு எஸ்டேட்டில் ஏலத்துக்கு வந்த லாரியை எடுத்து, இரண்டு வருடமாக ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி மாட்டியிருக்கிறார்.

"ஏறிப் பாருத்தா," என்றார்.

டேஷ்போர்டில் பெட்ரோல் மீட்டருக்கு என்றே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்ட ஓட்டைகள். ஒன்றில் மீட்டர் இருந்தது. கறுப்பு முகப்பு, வெள்ளை முள், சுற்றிலும் வெள்ளி வளையம். இன்னொன்றில் மரக்கட்டையைச் செதுக்கி அடைத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. கம்பெனியிலிருந்து வந்தபோது இந்த வண்டிக்கு வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என இரண்டு டாங்க். இடையில் யாரோ இடது டாங்கைக் கழற்றிவிட்டார்கள். அவர் அளவெடுத்து டிங்கரிங் கடையில் புது டாங்க் அடித்து, பழைய பிராக்கெட்டிலேயே மாட்டிவிட்டார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியும் வாங்கிவிட்டார். மீதி இருந்தது மீட்டர்தான்.

"இதே மாதிரி வேணும். பக்கத்துல வச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கணும்."

"இப்பத்தான் மைலுக்கு ஒரு பங்க் இருக்கே அண்ணே. ரெண்டு டாங்க் எதுக்கு?"

அவர் யோசிக்கவே இல்லை. "முப்பது வருசம் டிப்போல டீசல் ஊத்தி விட்டாங்க, அவங்க சொன்ன ஊருக்குப் போனேன், சொன்ன நேரத்துக்குத் திரும்புனேன். இப்ப ரெண்டு டாங்கையும் ரொப்பிக்கிட்டு, எங்கிட்டும் நிக்காம, தோணுற பக்கம் போகணும்."

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் டிராயரில், கடையை மூடிய ஒருவரிடம் மொத்தமாக வாங்கிப் போட்டிருந்த பழைய மீட்டர்களுக்கு அடியில் அதற்குச் சோடியாக ஒன்று கிடந்தது. கண்ணாடிகூட உடையவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து துடைத்து, முள்ளைச் சரி செய்து, வளையத்தைப் பளபளப்பாக்கி வைத்தேன். சாயங்காலம் போன் பண்ணிச் சொல்லலாம் என்று இருந்தேன்.

மத்தியானம் ஒரு அம்மா கடைக்கு வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, லாரிக்காரரின் மனைவி என்றார். பஸ்ஸில் வந்திருக்கிறார், அவருக்குத் தெரியாமல். என் வீட்டுக்காரர் அப்போது ஒரு வேனுக்கு அடியில் இருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"அந்த மீட்டரு கெடைக்கலன்னு சொல்லிரு தங்கச்சி."

நான் விழித்தேன்.

"போன வருசம் நெஞ்சுல அடைப்புன்னு குழாய் வச்சிருக்கு. மீட்டரு இல்லாம அந்த ரெண்டாவது டாங்க்குல ஊத்த மாட்டாரு. இப்ப ஒரு டாங்குல போனா இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துருவாரு. ரெண்டு டாங்க்னா எங்க போயி நிப்பாருன்னு எனக்குத் தெரியாது."

"டாக்டர் ஓட்டக் கூடாதுன்னு சொன்னாரா மதினி?"

"டாக்டர் ஒண்ணும் சொல்லல. நாந்தான் சொல்றேன்."

அவர் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். நான் தலையை ஆட்டிவிட்டேன். சாயங்காலம் லாரிக்காரருக்குப் போன் போட்டு, "எங்கயும் கெடைக்கல அண்ணே," என்றேன். "சரித்தா, நீ என்ன செய்வ," என்று வைத்துவிட்டார். அந்தக் குரலில் சந்தேகம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் என்னை அப்படியே நம்பிவிட்டார்.

பதினைந்து நாள் கழித்துச் சிரித்த முகமாகக் கடைக்கு வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். மதுரை முழுக்கப் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கியிருக்கிறார். கடைசியில் மாட்டுத்தாவணிப் பக்கம் உடைக்கக் கிடந்த ஒரு லாரியிலிருந்து கழற்றி வந்திருந்தார். கண்ணாடி நொறுங்கியிருந்தது, முகப்பில் கீறல், வளையம் துருப்பிடித்துக் கிடந்தது.

"கெடைக்காதுன்னியே, பாத்தியா?"

நான் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கு விஷயம் எதுவும் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை.

"இதே மீட்டரு நம்ம டிராயர்ல இருக்கே. நீதானே அன்னைக்குத் தொடச்சு வச்ச?"

டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தே விட்டார். கண்ணாடி பளபளவென்று இருந்தது.

லாரிக்கார அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "முன்னமே இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணே."

"அப்புறம் ஏன் இல்லன்னு சொன்ன?"

மதினி பேரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சத்தம் போடவில்லை. "அம்புட்டு வருசம் பஸ் ஓட்டுனேன். வண்டி போகாத ஊருக்குப் போகும்னு ஒரு ஆளுகிட்டயும் பொய் சொல்லி ஏத்துனதில்ல," என்றார். எங்கள் மீட்டரை மேஜை மேல் வைத்துவிட்டு, நொறுங்கிய தன் மீட்டரைத் திரும்பவும் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் நடுவுல நீ எதுக்குப் போன?" என்று மட்டும் கேட்டார். கடையில் பொய் சொல்லிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அப்படி இல்லை என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அது அன்றைக்குக் கொஞ்சம் உடைந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். மதினி போன் செய்தார்.

"அந்த மீட்டரை இங்கன ஒரு மெக்கானிக்கை வச்சு மாட்டிட்டாரு. முள்ளு தலைகீழாப் போகுது. டாங்க் காலியா இருந்தா நெறஞ்சிருக்குன்னு காட்டுது, ஊத்த ஊத்தக் கீழ எறங்குது. நாலு நாளா வண்டிக்கு அடியிலயே கெடக்காரு. கூப்பிட்டா சாப்புட வரமாட்டேங்குறாரு. நீ ஒரு எட்டு வாரியா?"

"நான் வந்தா அவரு பேசுவாரா?"

"சொல்லிட்டேன். நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்னு. ரெண்டு நாள் எங்கூடயும் பேசல. இப்பப் பேசுறாரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சால்டரிங் கம்பியையும் டெஸ்டரையும் எங்கள் டிராயர் மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் லாரி நின்றது. அண்ணன் அடியிலிருந்து வெளியே வந்து, "வாத்தா," என்றார். அவ்வளவுதான். மதினி காபி கொடுத்தார்.

கோளாறு பெரிதில்லை. டாங்க்குக்குள் ஒரு மிதவை இருக்கும். பெட்ரோல் ஏற ஏற அதுவும் ஏறும். அதன் கம்பி ஒரு சுருளின் மேல் நகர்ந்து எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று மீட்டருக்குச் சொல்லும். இந்தச் சுருளில் இரண்டு சாதி. ஒரு வண்டிக்கு மிதவை ஏறும்போது கரண்ட் கூடும், இன்னொரு வண்டிக்குக் குறையும். அவருடைய புது டாங்கில் மாட்டியிருந்தது வேறு கம்பெனி வண்டியின் மிதவை. மீட்டர் பொய் சொல்லவில்லை, தனக்குக் கிடைத்த சேதியைச் சரியாகத்தான் காட்டியது. இதை நான் சொன்னபோது அவர் முதல் தடவையாக முகம் தெளிந்து, "அப்ப மாத்திறலாமா?" என்றார்.

மிதவையைக் கழற்றி, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, வண்டியிலிருந்து தள்ளி வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய் உட்கார்ந்தேன். சுருளின் ஒரு முனையில் இருந்த இணைப்பை எடுத்து மறுமுனையில் சால்டர் வைத்தேன். அரை மணி நேர வேலை. பிறகு மிதவையை டாங்கில் மாட்டி, நொறுங்கிய மீட்டரைக் கழற்றிவிட்டு எங்களுடையதை ஓட்டையில் வைத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முள் எங்கே நின்றால் எத்தனை லிட்டர் என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. காலி டாங்கில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள்ளைப் பார்க்க வேண்டும். மதினி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். அண்ணன் கேனும் புனலுமாகக் கீழே நின்றார். நான் வயரைப் பிடித்திருந்தேன். மேலே ஏறி முள்ளைப் பார்த்துச் சொல்ல மதினியைத் தவிர ஆளில்லை.

அவர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஊத்தியாச்சு. எங்க நிக்கிது?"

"கோட்டை விட்டு இம்புட்டுப் போல நகந்துருக்கு."

இன்னொரு ஐந்து. இன்னொரு ஐந்து. "கால்வாசிக்கு வந்துருச்சு," என்று கத்தினார். குரலில் உற்சாகம் ஏறிக்கொண்டே போனது. பாதிக்கு வந்தபோது, அடுத்த கேனைத் தூக்கிய அண்ணனைப் பார்த்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"டாங்கு ரெண்டு வேணுமாம். மீட்டரும் ரெண்டு வேணுமாம். சீட்டு மட்டும் ஒண்ணு போதுமாம்."

அப்போதுதான் நான் கவனித்தேன். டிரைவருக்குப் பக்கத்தில் சீட்டே இல்லை. வெறும் தகரத்தின் மேல் ஸ்டெப்னி டயரும் இரண்டு கேனும் கட்டி வைத்திருந்தது.

அண்ணன் கேனைக் கீழே வைத்தார். "நீ வருவேன்னு நான் நெனைக்கல."

"நீங்க கேக்கல."

"பஸ்ஸுல கொடைக்கானல் போறதுக்கே தலை சுத்துதுன்னு சொன்னவதான நீ."

"அது இருபது வருசத்துக்கு முன்னாடி."

நான் வயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கே பார்ப்பது? பிறகு அவர் கேனைத் தூக்கி ஊற்றினார். "இப்ப எங்க நிக்கிது?" என்றார். "பாதிக்கு மேல," என்றார் மதினி. நிரம்பும் வரை அப்படியே போனது. முள் கடைசிக் கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது. அது போதும் என்றேன். பக்கத்து மீட்டரும் அப்படித்தான் நிற்கும்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிட்டேன். பஸ் நிறுத்தம் வரை அண்ணன் நடந்து வந்தார். "அவ சொன்னான்னு எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?" என்றார். "சொல்லிருக்கணும் அண்ணே. பொய் சொன்னது தப்பு," என்றேன். "ம்" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

தை பிறந்ததும் கிளம்பினார்கள். கிளம்பும் முன்பு ஹார்ன் வயரைப் பார்க்கக் கடைக்கு வந்தபோது, டிரைவருக்குப் பக்கத்தில் ரெக்ஸின் போட்ட நல்ல சீட் இருந்தது. முதுகுக்கு மெத்தையும் கால் வைக்க ஒரு கட்டையும்கூட. ஸ்டெப்னி பின்னால் போயிருந்தது. மாத்திரை டப்பாவை மதினி மடியில் வைத்திருந்தார்.

தனுஷ்கோடி போய், அங்கிருந்து கடலோரமாகவே தெற்கே போயிருக்கிறார்கள். முதல் டாங்க் தீர்ந்து, குழாயைத் திருப்பி இரண்டாவதுக்கு மாற்றியதும் மதினி எனக்குப் போன் செய்து, "உன் மீட்டரு சரியாக் காட்டுது," என்றார். தூத்துக்குடிக்கு முன்னால் கிளச் போய்விட்டது. அந்த வண்டிக்கான பிளேட் யாரிடமும் இல்லை. ஒரு பட்டறையில் தேய்ந்த பிளேட்டுக்குப் புது லைனிங் அடிக்க மூன்று நாள் ஆகியிருக்கிறது. பட்டறைக்காரர் வீட்டு மாடியிலேயே தங்கியிருக்கிறார்கள். அவருடைய மனைவியும் மதினியும் இப்போதும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

எங்கிட்டும் நிற்காமல் போக வேண்டும் என்றவர் போன இடமெல்லாம் நின்றிருக்கிறார். டீக்கு, உப்பளத்தைப் பார்க்க, மதினிக்குத் தலைசுற்றியபோது இரண்டு தடவை. பன்னிரண்டாம் நாள் விருதுநகர் வழியாகத் திரும்பினார்கள்.

இப்போது மதினி மலைப்பக்கம் போக வேண்டும் என்கிறார். மூணாறு வரைக்குமாவது. அண்ணனுக்கு அந்த வண்டியின் பிரேக் மேல் மலை இறக்கத்தில் நம்பிக்கை இல்லை. போன வாரம் இரண்டு பேரும் கடையில் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசினார்கள். "நீ சொல்லுத்தா," என்று அவர் என் பக்கம் திரும்பினார். எனக்குப் பிரேக் பற்றித் தெரியாது என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த ஸ்பீடாமீட்டரைப் பார்க்க ஆரம்பித்தேன்.